பேனா டெஸ்டர் சத்தம் போடவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தமா?

பிளக் பாயிண்ட்டின் ஓட்டையில் பேனா மாதிரி ஒரு கருவியின் நுனியை வைத்ததும் சிவப்பு விளக்கு மினுக்குகிறது, பீப் பீப் என்று சத்தம் வருகிறது. எம்சிபியை, அதாவது போர்டில் அந்த சர்க்யூட்டைத் துண்டிக்கும் ஸ்விட்சை, இறக்கிவிட்டு மறுபடி வைத்தால் சத்தம் இல்லை. சரி, கரண்ட் போய்விட்டது என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பார்கள். சத்தம் வந்தால் கரண்ட் உண்டு என்ற முதல் முடிவு பெரும்பாலும் சரி. இரண்டாவதும் பல சமயம் சரியாகவே இருக்கும். ஆனால் அது தப்பாகப் போகிற சமயத்தில் விரல் செம்பின் மேல் இருக்கும்.

இந்தக் கருவிக்கு நான்-கான்டாக்ட் வோல்டேஜ் டெஸ்டர் என்று பெயர். வயரின் செம்பைத் தொடாமல், மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை வழியாகவே வோல்டேஜைக் கண்டுகொள்வதால் அந்தப் பெயர். இந்தக் கட்டுரையில் பேனா டெஸ்டர், அல்லது சுருக்கமாகப் பேனா. இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் உண்டு. 'எதன் பக்கத்தில் வைத்தாலும் கத்துகிறது, இது பொம்மை' என்று மூலையில் போட்டவர்களும் உண்டு. கருவி எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டு பேருமே கொஞ்சம் மாறுவார்கள்.

## கருவிக்குள் நடப்பது

இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரம் கடத்தாத ஏதோ ஒரு பொருள். இவ்வளவு இருந்தால் அது ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்தேக்கி. டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், அதைத் தாண்டித் தொடர்ந்து ஓடாது. ஏசி திசை மாறிக்கொண்டே இருப்பதால் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய்வரும். எவ்வளவு என்பது கெப்பாசிட்டரின் அளவையும், ஏசி ஒரு நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதையும் பொறுத்தது.

பேனாவின் பிளாஸ்டிக் நுனிக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. அதை வயரின் பக்கத்தில் கொண்டுபோனால், வயரின் செம்பு ஒரு தகடு, நுனிக்குள் இருப்பது மறு தகடு, நடுவில் இன்சுலேஷனும் காற்றும். ஒரு குட்டி கெப்பாசிட்டர் அங்கேயே உருவாகிவிடுகிறது. அதன் அளவு ஒரு பிகோஃபாரட் அளவில்தான் இருக்கும். ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

பேனாவைப் பிடித்திருக்கும் ஆள்தான் இரண்டாவது கெப்பாசிட்டர். உடம்பு ஒரு தகடு, தரை மறு தகடு, நடுவில் செருப்பும் காற்றும். இது சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, லைன் வயரிலிருந்து (கரண்ட் கொண்டுவரும் வயர்) நுனி, நுனியிலிருந்து உள்ளே இருக்கும் சர்க்யூட், அங்கிருந்து கை, உடம்பு, தரை என்று ஒரு பாதை முடிகிறது. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வயரை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் சில சமயம் சத்தம் வராமல் போவதும், கையில் எடுத்ததும் கத்துவதும் இதனால்தான்.

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் ஒரு பிகோஃபாரட் சுமார் 320 கோடி ஓம் தடையாக நிற்கும். உடம்பின் 100 பிகோஃபாரட் சுமார் 3 கோடி ஓம். இரண்டும் சேர்ந்த பாதையில் ஓடுவது 0.07 மைக்ரோ ஆம்பியர். 60 வாட் குண்டு பல்ப் இழுக்கும் கரண்ட்டில் முப்பத்தைந்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. உடம்புக்கு எதுவும் தெரியாது. இந்தத் துளியைப் பெரிதாக்கி, ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் விளக்கையும் பஸ்ஸரையும் இயக்குவதுதான் உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் வேலை.

கவனிக்க வேண்டியது ஒன்று. வயரில் எத்தனை வோல்ட் என்று பேனா அளப்பதே இல்லை. தன் நுனிக்கும், தன்னைப் பிடித்திருக்கும் கைக்கும் நடுவே மாறிக்கொண்டிருக்கும் மின்புலம் போதுமான அளவு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. இனி வரும் குழப்பம் எல்லாமே இந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளம்புவதுதான்.

அதிலிருந்து உடனே வரும் முடிவுகள்:

1. டிசி தெரியாது. சோலார் பேனலிலிருந்து வரும் கேபிளில் பல நூறு வோல்ட் டிசி இருக்கலாம்; பேனா அமைதியாக இருக்கும். யுபிஎஸ்ஸின் பாட்டரி வரிசை, மின்சார வாகனத்தின் பாட்டரி, சப்ளையை நிறுத்திய பிறகும் சார்ஜ் வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சோலார் வேலைக்குப் பேனாவை நம்பிப் போவது, இருட்டில் நிறம் பார்க்கப் போவது மாதிரி.

2. ஓடும் கரண்ட் தெரியாது. விளக்கு அணைந்திருந்தாலும் ஸ்விட்ச் வரை வந்து நிற்கும் லைன் வயரில் சத்தம் வரும். பத்து ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல நியூட்ரல் வயரில் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) சத்தம் வராது. நியூட்ரல் எர்த்தோடு கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜில் இருப்பதால் பேனா பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

3. பிடித்திருக்கும் ஆளும் கருவியின் ஒரு பாகம். அவர் எங்கே நிற்கிறார், இன்னொரு கை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வரும்.

## தேவையில்லாமல் கத்துவது

இது எரிச்சல், அவ்வளவு ஆபத்தில்லை. அதனால் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

இரண்டு பின் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோக உடலில் பேனாவை வைத்தால் பல சமயம் கத்தும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டப் போட்டிருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக அந்த உடல் சப்ளையின் பாதி வோல்டேஜ் வரை மிதந்துகொண்டிருக்கும். எர்த் இருந்தால் அது வடிந்துவிடும். இரண்டு பின்னில் எர்த் கிடையாது. மணிக்கட்டு படும்போது விறுவிறுவென்று ஒரு கூச்சம் தெரிகிறதே, அது இதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பேனாவை எர்த் ஆன ஒரு தண்ணீர்க் குழாயின் பக்கம் நீட்டினால், குழாயைப் பார்த்தும் கத்தலாம். இங்கே மிதப்பது குழாய் இல்லை, பேனாவைப் பிடித்திருக்கும் ஆள். பேனாவுக்குத் தெரிந்தது வித்தியாசம் மட்டும்தான். எந்தப் பக்கம் வோல்டேஜ் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது வகை, இரவல் வோல்டேஜ். ஒரு பைப்பில் லைன் வயரோடு சேர்ந்து நீளமாக ஓடும், எதிலும் இணைக்காத ஒரு வயர் பக்கத்து வயரின் புலத்தை வாங்கிக்கொண்டு மிதக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரில் வைத்தாலும் நாற்பது, எண்பது என்று ஏதோ ஒரு எண் வரும். காரணம், மல்டிமீட்டரின் உள் தடை பெரும்பாலும் 1 கோடி ஓம். அந்தச் சிறு கரண்ட்டை அதால் வடிக்க முடியாது. குறைந்த தடை வைத்து அளக்கும் வசதி உள்ள மீட்டரிலோ, டெஸ்ட் லேம்ப்பிலோ வைத்தால் வோல்டேஜ் விழுந்துவிடும். அப்படி வைத்துப் பார்த்து விழுகிற வரை அதை உயிருள்ள வயராகவே நடத்துவதுதான் முறை. 'ஏதோ இரவல் வோல்டேஜ்தான்' என்று வாயால் சொல்லித் தீர்க்கக் கூடாது.

பக்கத்து வயரைப் பார்த்துக் கத்துவது இன்னொன்று. ஒரே பெட்டியில் ஐந்தாறு வயர் நெருங்கிக் கிடந்தால் எதன் சத்தம் எது என்று பிரிக்க முடியாது. வயர்களை இன்சுலேஷனில் பிடித்துத் தள்ளித் தள்ளி வைத்த பிறகே பேனாவின் பேச்சுக்கு அர்த்தம். உரசினாலும் கத்தும்: பாலியஸ்டர் சட்டையில் தேய்த்தால் நிலைமின்சாரத்தில் ஒரு பீப் வரும். சிலர் இதையே பேனா வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தெரிவது பாட்டரியும் பஸ்ஸரும் உயிரோடு இருப்பது மட்டும். 230 வோல்ட் ஏசியைச் சரியாகக் கண்டுகொள்கிறதா என்பது தெரியவில்லை.

## கத்த வேண்டிய இடத்தில் சும்மா இருப்பது

ஆளைக் கொல்லும் பக்கம் இது. வோல்டேஜ் முழுதாக இருந்தும் பேனா வாய் திறக்காத சந்தர்ப்பங்கள்:

1. நடுவில் உலோகம். எர்த் ஆன இரும்புப் பைப், ஆர்மர்டு கேபிளின் கம்பிச் சுற்று, ஷீல்டு கேபிளின் உறை, பேனல் பெட்டியின் கதவு. மின்புலம் எர்த் ஆன உலோகத்திலேயே நின்றுவிடும். வெளியே எதுவும் வராது. பைப்பின் மேல் பேனாவை வைத்துவிட்டு உள்ளே கரண்ட் இல்லை என்று அறுக்கப் போனால் அது குருட்டுத் துணிச்சல். இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு: எர்த் விட்டுப்போன இரும்புப் பைப் உள்ளே இருக்கும் வயரின் புலத்தை வாங்கித் தானே மிதக்கும், பேனா பைப் நெடுகக் கத்தும். அப்படிக் கத்தினால் எர்த்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

2. புலங்கள் ஒன்றையொன்று அழிப்பது. மூன்று ஃபேஸ் (லைன்) வயர்கள் ஒரே கேபிளில் முறுக்கிப் போகும்போது அவற்றின் வோல்டேஜ்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை, ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி ஏறி இறங்கும். மூன்றுக்கும் சமதூரத்தில் நுனி வந்தால் மொத்தப் புலம் கிட்டத்தட்ட பூஜ்யம். 120/240 வோல்ட் சப்ளை உள்ள நாடுகளில் இரண்டு லைன்களும் நேரெதிராக மாறும். அவற்றின் நடுவிலும் இதே அமைதிதான். முறுக்கிய கேபிள் மேல் பேனாவை நீளமாக நகர்த்திக்கொண்டே போனால், சத்தம் வந்து வந்து நிற்பதைக் கேட்கலாம். நின்ற இடத்தில் ஒரே ஒருமுறை வைத்துப் பார்த்து முடிவு செய்தவர் கதி என்ன?

3. பிடித்திருக்கும் ஆள் தரையிலிருந்து பிரிந்திருப்பது. ஃபைபர் ஏணியின் மேல்படியில் ஒருவர். ஒரு கையில் உயிருள்ள கேபிள் கட்டு, இன்சுலேஷனோடு. மறு கையில் பேனா. உடம்புக்கும் தரைக்கும் நடுவே இருந்த கெப்பாசிட்டர் சுருங்கிவிட்டது. உடம்புக்கும் கேபிள் கட்டுக்கும் நடுவே புதிதாக ஒன்று முளைத்துவிட்டது. அவர் உடம்பே லைனின் பக்கம் ஏறி மிதக்கிறது. நுனிக்கும் கைக்கும் வித்தியாசம் குறைந்ததால் பேனா தயங்கும். தடித்த கையுறை போட்டு, பேனாவின் வால் பக்கத்தை இரண்டு விரலில் பிடித்தாலும் பாதை பலவீனமாகும்.

4. ஈரச் சுவர். சுவருக்குள் ஓடும் வயரைத் தேடும்போது, நனைந்த சுவரே அரைகுறைக் கடத்தியாகிப் புலத்தை மறைக்கலாம், அல்லது சுவர் முழுக்கப் பரப்பி எங்கே வைத்தாலும் கத்த வைக்கலாம். ஆணி அடிக்க இடம் பார்ப்பதற்கு ஈரச் சுவரில் பேனா உதவாது.

5. வோல்டேஜ் அதன் எல்லைக்குக் கீழே இருப்பது. உடலில் '90–1000 வோல்ட் ஏசி' என்று அச்சிட்ட பேனாக்கள் நிறைய. 90க்குக் கீழே இருப்பதைச் சொல்வதாக அது வாக்குக் கொடுக்கவே இல்லை. ஆனால் சர்வதேசத் தரங்கள் தொடு வோல்டேஜுக்கு வழக்கமாக வைக்கும் எல்லை ஏசியில் 50 வோல்ட். 50க்கும் 90க்கும் நடுவில் இருக்கும் வோல்டேஜில் ஷாக் அடிக்கும், பேனா பேசாது.

6. பாட்டரி, உடைந்த நுனி. சொல்லவே வேண்டாம். தானாகவே சோதித்துக்கொண்டு விட்டு விட்டு மினுக்கும் மாடல்கள் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் அந்த மினுக்கலில் பாட்டரியும் சர்க்யூட்டும் பாஸானாலும், நுனிக்குள் இருக்கும் தகடு விரிசல் விட்டிருப்பது எல்லா மாடலிலும் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் உணர்திறனை ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். 12 வோல்ட்டிலேயே கத்தும் மாடல்கள் இருக்கின்றன. அவை ஐந்தாவது காரணத்தைக் குறைக்கும், முந்தைய பகுதியில் சொன்ன வெட்டிச் சத்தத்தை அதிகமாக்கும். பெட்டியைத் திறந்ததுமே எல்லா வயரிலும் கத்தினால், ஒரு கட்டத்தில் ஆள் சத்தத்தையே பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார். இரண்டையும் ஒரே பேனாவில் சரிசெய்ய முடியாது.

## மீட்டர் ஏமாறும் இடத்தில் பேனா

இவ்வளவு குறை சொன்ன பிறகு பேனாவுக்காகவும் பேச வேண்டும். நியூட்ரல் எங்கோ விட்டுப்போன வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் எரியவில்லை. ஒருவர் மல்டிமீட்டரை லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைக்கிறார், பூஜ்யம். கரண்ட் வரவில்லை என்கிறார். உண்மையில் லைன் முழு 230 வோல்ட்டோடு நிற்கிறது. ஸ்விட்ச் போட்டு வைத்திருக்கும் ஒரு விளக்கின் வழியாக அதே வோல்டேஜ் அறுந்த நியூட்ரலுக்கும் ஏறிவிட்டது. வயர்மேன்கள் 'ரிட்டர்ன் வருகிறது' என்பார்களே, அது. இரண்டும் ஒரே வோல்டேஜில் இருப்பதால் நடுவே வித்தியாசம் இல்லை, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விதான் தப்பு. எர்த்தோடு வைத்துக் கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும்.

பேனாவை இரண்டு ஓட்டையிலும் வைத்திருந்தால் இரண்டிலும் கத்தியிருக்கும். பிடித்திருக்கும் உடம்பு வழியாகத் தரையை ஒரு முனையாக வைத்துத்தானே அது வழக்கமாகப் பார்க்கிறது.

மீட்டர் தப்பாகப் பூஜ்யம் காட்ட வேறு வழிகளும் இருக்கின்றன: புரோப் (தொட்டு அளக்கும் முனை) வயர் உள்ளே அறுந்திருப்பது, குமிழ் டிசியில் நிற்பது. ஆம்பியர் அளக்கும் துளையில் புரோபைச் செருகி வைத்துவிட்டு வோல்டேஜ் அளக்கப் போனால் பூஜ்யமும் வராது, ஷார்ட் சர்க்யூட்டே வரும். ஆகவே பேனாவா மீட்டரா என்பது வீண் சண்டை. ஒன்றின் குருட்டுப் புள்ளி இன்னொன்றின் கண்ணில் படுகிறது. எதை முன்னால் வைப்பது, எதன் வார்த்தையை எதற்கு எடுத்துக்கொள்வது என்பதுதான் விஷயம்.

## பழைய நியான் டெஸ்டர் போதாதா?

வெறுமனே டெஸ்டர் என்றால் இன்றைக்கும் பலருக்கு நினைவில் வருவது, கைப்பிடிக்குள் குட்டி விளக்கு எரியும் ஸ்க்ரூடிரைவர்தான். அது செம்பைத் தொடுகிறது. உள்ளே சுமார் 10 லட்சம் ஓம் தடை, ஒரு நியான் விளக்கு, அப்புறம் தலையில் வைத்த விரல். 230 வோல்ட்டில் அதிகபட்சம் 0.23 மில்லி ஆம்பியர் உடம்பு வழியாகப் போகும். சாதாரணமாக ஆளுக்குத் தெரியத் தொடங்கும் அளவு 0.5 மில்லி ஆம்பியர் என்பதால் ஷாக் அடிப்பதில்லை. ஆனால் அந்தத் தடை ஈரத்தில் ஷார்ட் ஆனால் ஆளுக்கும் லைனுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை. வெயிலில் நின்றால் விளக்கு எரிவதே கண்ணுக்குத் தெரியாது. வோல்டேஜ் இல்லை என்று சொல்ல அதற்கும் தகுதி கிடையாது, பேனாவுக்கும் கிடையாது. தொடாமல் பார்ப்பதால் பேனா ஒரு படி மேல்.

## எந்த வரிசையில் சோதிப்பது?

மின் வேலைக்கான விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 70ஈ தரம், வோல்டேஜ் இல்லை என்று உறுதிசெய்ய ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவிலும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் சோதிக்கச் சொல்கிறது. சோதனைக்கு முன்னும் பின்னும், வோல்டேஜ் இருப்பது தெரிந்த ஒரு இடத்தில் கருவியைச் சரிபார்க்கவும் சொல்கிறது. ஒரே நுனி உள்ள பேனாவால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எதையும் சோதிக்க முடியாது. அதற்கென்று இருப்பது இரண்டு முனை டெஸ்டர். ஐஇசி 61243-3 என்ற தரம் அதற்கானது. குமிழ் திருப்ப வேண்டாம், துளை மாற்ற வேண்டாம், இரண்டு முனைகளையும் வைத்தால் போதும். பாட்டரி தீர்ந்தாலும் ஆபத்தான வோல்டேஜைக் காட்டும் மாடல்கள் இருக்கின்றன.

வரிசை இப்படி:

1. சர்க்யூட்டை அடையாளம் கண்டு நிறுத்துங்கள். எம்சிபியை இறக்கினால் மட்டும் போதாது. வேறு யாரும் ஏற்ற முடியாதபடி பூட்டு, இல்லையென்றால் குறைந்தபட்சம் ஒரு எச்சரிக்கை அட்டை. இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். சப்ளை போனதும் தானாக வந்து நிற்பதுதானே அவற்றின் வேலை.

2. பேனாவை, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த வேறு பிளக் பாயிண்ட்டில் வைத்துக் கத்துகிறதா பாருங்கள்.

3. வேலை செய்யும் இடத்தில் எல்லா வயர்களிலும் வைத்துப் பாருங்கள், நியூட்ரல் உட்பட, கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி. எங்காவது கத்தினால் அங்கேயே நிறுத்தம். காரணம் தெரியும் வரை கை உள்ளே போகக் கூடாது.

4. கத்தவில்லை என்றால் இரண்டு முனை டெஸ்டர், அதையும் தெரிந்த சப்ளையில் முதலில் சரிபார்த்துவிட்டு. ஒற்றை ஃபேஸ் என்றால் லைன்-நியூட்ரல், லைன்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்று சோதனை. மூன்று ஃபேஸ் என்றால் ஃபேஸ்களுக்கு நடுவே மூன்று, ஒவ்வொன்றும் நியூட்ரலோடு மூன்று, எர்த்தோடு மூன்று, நியூட்ரல்-எர்த் ஒன்று; மொத்தம் பத்து. பத்தா என்று சலித்துக்கொள்வார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

5. டெஸ்டரை மறுபடி தெரிந்த சப்ளையில் வைத்துப் பாருங்கள். ஆட்கள் விட்டுவிடும் படி இதுதான். முதல் சரிபார்ப்புக்கும் உண்மையான சோதனைக்கும் நடுவில் புரோப் வயர் அறுந்திருக்கலாம், கருவி கீழே விழுந்திருக்கலாம். பின்னாலும் வேலை செய்தால்தான் நடுவில் காட்டிய பூஜ்யத்துக்கு மதிப்பு.

புரோப்களைப் பற்றி ஒரு வார்த்தை. நுனியில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று பிரிட்டனின் ஜிஎஸ் 38 வழிகாட்டி சொல்கிறது. நெருக்கமான பெட்டிக்குள் நீள நுனி சறுக்கினால் இரண்டு முனையங்களை இணைத்துத் தீப்பொறி பறக்கும்.

## பேனாவுக்கு ஏற்ற வேலைகள்

எந்த எம்சிபி எந்த பாயிண்ட்டுக்கு என்று தேடுவதற்கு அருமையான கருவி. ஸ்விட்ச் லைனில் போட்டிருக்கிறதா நியூட்ரலில் போட்டிருக்கிறதா என்பதும் ஒரு நொடியில் தெரியும்: விளக்கை அணைத்த பிறகும் ஹோல்டரில் பலமாகக் கத்தினால், ஸ்விட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி மூன்று பின் உள்ள பொருளின் உலோக உடலில் கத்தினால் எர்த் விட்டுப்போயிருக்க நல்ல வாய்ப்பு.

அறுந்த எக்ஸ்டென்ஷன் வயரில் அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. வயரைத் தரையில் நேராக விரித்து, பிளக்கைச் செருகி, பேனாவைப் பிளக் பக்கமிருந்து நகர்த்திக்கொண்டு வாருங்கள். சத்தம் திடீரென்று நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் லைன் அறுந்திருக்கிறது. கடைசி வரை கத்தினால் அறுந்தது லைன் இல்லை, பெரும்பாலும் நியூட்ரல். இரண்டு பின் பிளக் என்றால் திருப்பிச் செருகிவிட்டு மறுபடி நகர்த்தலாம்; இப்போது அறுந்த வயரே லைன் ஆகிவிடும், சத்தம் அறுந்த இடத்தில் நிற்கும். கண்டுபிடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும், இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தால் போதும். ஒன்று, வோல்டேஜ் எல்லை. கீழ் எண்தான் முக்கியம், ஏன் என்று மேலே பார்த்தோம். இரண்டு, கேட் (CAT) என்று போட்டிருக்கும் வகை. மின்னல், பெரிய மோட்டார் நிற்பது போன்ற காரணங்களால் கண நேரம் வரும் வோல்டேஜ் எழுச்சியைக் கருவி எந்த இடத்தில் தாங்கும் என்பதை அது சொல்கிறது. பிளக்கில் செருகும் பொருள்களுக்குக் கேட் 2, கட்டிடத்தின் நிலையான வயரிங்குக்கும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டுக்கும் கேட் 3, மீட்டரும் சப்ளை உள்ளே வரும் இடமும் கேட் 4. 1000 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது. உயர் அழுத்த லைனுக்கு நீளமான இன்சுலேட்டட் கழியோடு வரும் கருவிகள் தனி வகை.

## எந்த டெஸ்டருக்கும் சிக்காத நியூட்ரல்

மேலே சொன்ன வரிசையை ஒழுங்காகச் செய்தும் ஷாக் வாங்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களும் மாட்டுவது இதில்தான்.

ஹால் விளக்குக்கு ஒரு எம்சிபி, பக்கத்து அறை ஃபேனுக்கு இன்னொரு எம்சிபி. வயரிங் செய்தவர் சோம்பலில் ஃபேனின் நியூட்ரலைப் போர்டு வரை இழுக்காமல், ஹால் விளக்கின் பெட்டியில் இருந்த நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிட்டார். இப்போது ஹால் எம்சிபியை இறக்குகிறீர்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹால் பெட்டியைத் திறந்து பேனாவை வைத்தால் லைனில் சத்தம் இல்லை, நியூட்ரலிலும் இல்லை. இரண்டு முனை டெஸ்டரில் மூன்று சோதனையும் பூஜ்யம், அல்லது பூஜ்யத்தை ஒட்டி. கருவிகள் சொல்வது முழு உண்மை: அந்த நிமிஷத்தில் அங்கே ஆபத்தான வோல்டேஜ் இல்லை. நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த்தோடு பிணைந்து நிற்கிறது, ஃபேனின் கரண்ட் அதன் வழியாக அமைதியாகத் திரும்பிப் போகிறது.

அந்த முறுக்கைப் பிரித்த கணத்தில் நிலைமை மாறும். ஃபேன் பக்கத்து முனைக்குத் திரும்பிப் போக வழி இல்லை. ஃபேனின் மோட்டார் சுற்று வழியாக அது 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். ஒரு கையில் அந்த முனை, மறு கையில் போர்டுக்குப் போகும் முனை என்று பிடித்திருந்தால் அறுந்த சர்க்யூட்டை ஆளே இணைத்துவைக்கிறார், நெஞ்சு வழியாக.

இதற்கு வோல்டேஜ் பார்க்கும் கருவி உதவாது, ஓடும் கரண்ட்டைப் பார்க்கும் கருவி வேண்டும். முறுக்கைப் பிரிப்பதற்கு முன் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கிளாம்ப் மீட்டரின் தாடைக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சீலிங் ஃபேன் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு என்பதால் மீட்டர் சின்ன ரேஞ்சில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஃபேன் நின்றிருந்தால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும். பழைய வயரிங், யார் எதை எதோடு முறுக்கினார்கள் என்று தெரியாது என்றால், லைனையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டும் இரட்டைத் துருவ மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, வீடே இருட்டான பிறகு டார்ச் வெளிச்சத்தில் அந்த நியூட்ரலைப் பிரிப்பார்கள்.